30 விநாடிச் சேதி

தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் வாசகர் ஒருவர், மாத்திரை வேலை செய்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க முடியுமா எனக் கேட்டிருந்தார். முடியும், ஆனால் கொலஸ்ட்ரால் பார்ப்பதுபோல அல்ல.

ஆஸ்பிரின் தடுப்பது த்ராம்பாக்ஸேன் ஏ2 என்ற கொழுப்பை. தட்டணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளக் கூப்பிடும் சேதி அது. 1975-ல் ஸ்வீடனில் பெங்க்ட் சாமுவேல்சன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். உடல் வெப்பத்தில் அது பாதியாகக் குறைய 30 விநாடியே போதும். சிதைந்த பிறகு நிலைத்து நிற்கும் பி2 வடிவத்தைத்தான் அளக்க முடிகிறது.

அளப்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். 369 எடையுள்ள அயனியை மட்டும் உள்ளே விட்டு, வாயுவில் மோதவிட்டு உடைத்து, 169 எடையுள்ள துண்டை எண்ணும். இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் வீணாகுமே? அதற்காக டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மூலக்கூறைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் இரட்டைப் பையன்கள் உண்டு. அடையாளத்துக்காக ஒருவன் கையில் மட்டும் சிவப்புக் கயிறு. போகிற இடமெல்லாம் சேர்ந்தே போவார்கள். இங்கே அந்தக் கயிறு, கூடுதலாக 4 எடை: 373. ஒன்று எவ்வளவு வீணானதோ மற்றதும் அவ்வளவே வீணாகும், விகிதம் மாறாது. த்ராம்பாக்ஸேனின் உறவான புரோஸ்டாகிளாண்டினை இந்த முறையில் சாமுவேல்சன் குழு 1970-லேயே அளந்துவிட்டது.

எனக்குத் தீராத வியப்பு, இரத்தம் எடுத்த பிறகு நடப்பதில்தான். உடம்புக்குள் ஓடும் இரத்தத்தில் பி2 மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு பிக்கோகிராம்தான் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே இரத்தத்தைக் குழாயில் பிடித்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் உறைய விட்டால் சுமார் 300 நானோகிராம். லட்சம் மடங்குக்கும் மேல்! குழாயில் விழுந்த தட்டணுக்கள் காயம் பட்டுவிட்டதாக நினைத்துக் கூவிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்பிரின் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தக் கூச்சல் ஏறக்குறைய முழுக்க அடங்கியிருக்கும். வாசகர் கேட்ட சோதனை இதுதான். உடம்பே எவ்வளவு உண்டாக்குகிறது என்று அறிய, சிறுநீரில் வரும் அதன் கழிவு வடிவத்தைப் பார்க்கிறார்கள். அது குழாயில் உருவாவதில்லை.

அதை இரத்தத்திலேயே அளக்கப் போனால், ஊசி சரியாக ஏறாமல் துழாவினால்கூட பி2 அளவு எகிறிவிடும். கருவி அதையும் பிசகாமல் எண்ணிக் கொடுக்கும். கோடி ரூபாய்க்குக் கருவி வாங்குகிறோம். இரத்தம் எடுப்பவருக்குச் சரியான பயிற்சி கொடுப்பதில்லை, பக்கத்தில் ஐஸ் பெட்டி வைப்பதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் கருவிக்கு ஒரு பத்தி, இரத்தம் எடுத்த விதத்துக்கு ஒரு வரி. எந்த நிமிடம் எடுத்தார்கள், எப்போது சுழற்றிப் பிரித்தார்கள், குழாயில் தடுப்பு மருந்து இருந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வருவதேயில்லை.