பொங்கல் பானை மஞ்சளே விதைக் கிழங்கு!

பொங்கல் முடிந்ததும் பானையில் கட்டின மஞ்சள் கொத்தை என்ன செய்கிறீர்கள்? எங்கள் தெருவில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கனு அன்று காலையில் பெரியவர்கள் கையால் நெற்றியில் கீறிக்கொள்ள ஒரு துண்டு. முகத்துக்கு அரைத்துப் பூச இன்னும் ரெண்டு துண்டு. மீதியெல்லாம் வாடின இலையும் தண்டுமாக, கரும்புச் சக்கையோடு குப்பை வண்டிக்குப் போய்விடுகிறது. அதே வீட்டு அம்மா சித்திரை மாதம் வந்து, "மாமி, மாடியில மஞ்சள் போடலாம்னு இருக்கேன். விதைக் கிழங்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். அவர் தூக்கிப் போட்டாரே, அதுதான் விதைக் கிழங்கு!

மஞ்சளுக்கு விதை என்று தனியாக எதுவும் கிடையாது. கிழங்கை நட்டால்தான் கிழங்கு. ஆனால் மளிகைக் கடையில் வாங்கும் குண்டு மஞ்சளோ விரலி மஞ்சளோ முளைக்காது. அதெல்லாம் தண்ணீரில் வேக வைத்து, வெயிலில் காய வைத்தது. வெந்த கிழங்கு எப்படி முளைக்கும்? பச்சைக் கிழங்குதான் வேண்டும். அதை நர்சரியில் கேட்டால், முளைவிட்ட ஒரு துண்டு 60 ரூபாய் என்றார்கள். கூரியரில் அனுப்புகிறவர் கிலோ 400, அனுப்பும் செலவு தனி என்றார். 2024-ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதிலிருந்து விதைக் கிழங்குக்கும் ஏக கிராக்கி. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிற எங்களுக்கு இது கட்டுப்படியாகுமா?

மஞ்சளை வீட்டிலேயே போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு என் பேத்திதான் காரணம். குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்ட ஆரம்பித்த சமயம். சில்லறையாக வாங்கின மஞ்சள் பொடி, ரசம் வைத்தால் கரண்டியெல்லாம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. சந்தேகம் வந்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கலக்காமல் வைத்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித் தருகிற சோதனைதான் இது. நல்ல பொடி அடியில் படிந்துவிடும். மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். என் டம்ளரிலோ தண்ணீரே பளீர் என்று மாறிவிட்டது. நிறத்துக்காகச் சிலர் லெட் குரோமேட் என்கிற காரீயச் சாயத்தைக் கலக்கிறார்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதில் என்ன சாயம் இருந்ததோ, அந்தப் பொடியைக் குழந்தைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முதல் நாள் ஜோடி கொத்து 60 ரூபாய்க்கு விற்கிறார்கள். காணும் பொங்கல் அன்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். விற்காத கொத்துகள் குவிந்து கிடக்கும். விற்கிறவர்களுக்கும் திரும்ப ஊருக்குத் தூக்கிப் போக விருப்பமில்லை. முதல் தடவை நான் போனபோது, "பொங்கலே முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கும்மா மஞ்சக்கொத்து?" என்று கேட்டார் அந்தக் கிராமத்து அம்மா. "நடுறதுக்குங்க" என்றேன். உடனே நான் பொறுக்கி வைத்திருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, "பச்சைப்பசேல்னு இருக்கறத எடுக்காத தாயி. அது முத்தல. இலை பழுத்திருக்கா பாரு, அதான் விதைக்கு ஆகும்" என்று அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். 5 கொத்து 50 ரூபாய்!

அவர் சொன்னதுதான் இதில் முக்கியம். பானைக்கு அழகு பார்த்து இலை பச்சையாக வாங்குவோம். அந்தக் கிழங்கு இளசு; வைத்திருந்தால் சுருங்கிப் போகும். இலை பழுத்து, கிழங்கின் தோல் நகத்தால் கீறினால் சட்டென்று உரியாமல் இருக்க வேண்டும். நடுவில் உருண்டையாக இருக்கும் தாய்க் கிழங்கு விதைக்கு ரொம்ப நல்லது. கொழுத்த விரல்களும் ஆகும்.

தை மாதம் வாங்கி வைகாசியில் நட வேண்டும். நடுவில் நாலு மாசம் கெடாமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. கிழங்கைக் கழுவக் கூடாது. இலையை நறுக்கிவிட்டு, மண்ணைத் தட்டி, நிழலில் ரெண்டு நாள் பரப்பி வையுங்கள். பிறகு பழைய மண் சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு, ஒரு அடுக்கு கிழங்கு, ஒரு அடுக்கு மணல் என்று மூடி, மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வியர்த்து அழுகும். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கிளறிப் பார்த்து, கொழகொழவென்று ஆனதை எடுத்துப் போட்டுவிட வேண்டும். சித்திரை கடைசியில் மணலை விலக்கினால் கிழங்கில் முளைக் கண்கள் கொண்டைக்கடலை மாதிரி புடைத்து நிற்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

இதற்குத் தொட்டி வாங்கிச் செலவு செய்யாதீர்கள். வீடு கட்டுகிற இடத்தில் காலி சிமென்ட் சாக்கு கேட்டால் கொடுப்பார்கள். நன்றாக உதறிக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண், மக்கின சாணம், கொஞ்சம் மணல், ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். ஒரு அடி உயரம் மண் இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு கண்கள் இருக்கும்படி கிழங்கை வெட்டி, வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, கண் மேலே பார்க்க மூன்று விரல் ஆழத்தில் நடுங்கள். சாக்குக்கு மூன்று துண்டு. மூன்று, நாலு வாரம் ஒன்றுமே தெரியாது. தோண்டிப் பார்க்காதீர்கள்! பாதி நாள் வெயில் வந்தாலே வளரும் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பு பால்கனிக்கும் ஏற்றது. ஆவணி, புரட்டாசியில் வேரைச் சுற்றி மண் அணைத்து விட வேண்டும்.

ஐப்பசி அடைமழைதான் எமன். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். சாக்கை ரெண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டால் கவலையில்லை. மார்கழியில் இலை பழுக்க ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறைத்து, இலை முழுக்கக் காய்ந்த பிறகு தை கடைசியிலோ மாசியிலோ சாக்கைக் கவிழ்க்கலாம்.

போன வருஷம் 4 சாக்கில் எனக்கு ஐந்தரை கிலோ பச்சை மஞ்சள் கிடைத்தது. அரை கிலோவை விதைக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை முழுகத் தண்ணீர் விட்டு வேக வைத்தேன். நுரை கட்டி, வாசனையோடு ஆவி வந்து, ஈர்க்குச்சி குத்தினால் சுலபமாக இறங்கினால் பதம். பிறகு 12 நாள் வெயில். உடைத்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். 5 கிலோ காய்ந்து ஒரு கிலோவாகிவிடும், ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுச் சமையலுக்கு அதுவே ஒரு வருஷம் வருகிறது. மெஷினில் அரைக்கக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு நம் மஞ்சளைப் போட்டுவிட்டால், அப்புறம் முகத்தில் பூசினவர்கள் கதி என்ன ஆவது?

கஸ்தூரி மஞ்சள் கிழங்கு வேண்டும் என்று தபாலில் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெயரில் விற்பதில் பல வேறு கிழங்கு. அசலை வெட்டினால் உள்ளே வெளிர் நிறமாகவும் கற்பூர வாசனையாகவும் இருக்கும். ஆழ்ந்த மஞ்சளாக இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊறுகாய்க்கு வருகிற மா இஞ்சியும் மஞ்சள் இனம்தான், தை மாதமே மார்க்கெட்டில் இருக்கும். நான் கால் கிலோ வாங்கி, பாதியை எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுவிட்டு, மீதியை அதே மணல் சட்டியில் மேல் அடுக்கில் புதைத்துவிடுகிறேன். வைகாசியில் ரெண்டையும் சேர்த்தே நட்டுவிடலாம்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.