காருக்குள் கீறலா? டூத்பேஸ்ட்டை எடுக்கும் முன் இதைப் படிங்க!

குடைக் கம்பி, ஹேண்ட்பேக் ஜிப், குழந்தையின் ஷூ... காரின் உட்புற பிளாஸ்டிக்கில் கீறல் விழ இவ்வளவு போதும். வெளியே கீறினால் ஷெட்டுக்குப் போகிறவர்கள்கூட, உள்ளே கீறினால் 'நாமளே தேய்ச்சு எடுத்துடலாம்' என்று இறங்கிவிடுகிறார்கள். சின்னக் கோடு பெரிய திட்டாக மாறுவது அப்படித்தான். காருக்குள் இருப்பது ஒரே வகை பிளாஸ்டிக் இல்லை. ஒன்றுக்குச் சரிப்படும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

முதலில், அது கீறல்தானா?

பல 'கீறல்கள்' உண்மையில் ஷூ ரப்பரோ, பையின் சாயமோ ஒட்டிய கறைதான். தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துத் துடைத்தாலே போய்விடும். போகவில்லையா? நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்க. நகம் சிக்கவில்லை என்றால் மேலோட்டமான கீறல். சிக்கினால் ஆழமானது, பாலிஷ் மட்டும் போதாது.

சொரசொரப்பான பிளாஸ்டிக்

டோர் பேடின் கீழ்ப்பகுதி, டிக்கி ஓரம் போன்றவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. இதில் நிறம் மேலே பூசப்படுவதில்லை, பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும். அப்புறம் ஏன் கறுப்பு பேனலில் கீறல் வெள்ளையாகத் தெரியுது? உறுதிக்காகச் சேர்க்கப்படும் டால்க் தூள்தான் முக்கியக் காரணம். கீறலில் பிளாஸ்டிக் இழுபடும்போது, அந்த இடம் வெளிச்சத்தைச் சிதறடித்து வெளுப்பாகத் தெரிகிறது.

இதை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சொரசொரப்பு அழிந்து, அந்த இடம் மட்டும் பளபளக்கும். லேசான வெளுப்பை ட்ரிம் ரெஸ்டோரர் திரவம் சில காலம் மறைக்கும். ஹீட் கன்னால் சூடு காட்டி வெளுப்பைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால், பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாகக் காட்டினாலும் பேனல் நெளியலாம். இதைப் பழகிய கைகளிடம் விடுவதே நல்லது.

பியானோ பிளாக்

கியரைச் சுற்றியும், டச் ஸ்கிரீன் ஓரத்திலும் இருக்கும் பளபள கறுப்பு இது. இதில் விழும் மெல்லிய கோடுகளுக்குப் பெரும்பாலும் காரணம், தூசியோடு உலர்ந்த துணியால் துடைப்பதுதான். தூசியில் உள்ள மணல் துகள்கள் உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். எப்போதும் ஈரத்துணியால், அழுத்தாமல் துடைக்கணும்.

மெல்லிய கோடுகளுக்கு, பிளாஸ்டிக் பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சமாகத் தொட்டுக் கையாலேயே தேய்க்கலாம். கொஞ்சம் ஆழமானால் 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பாலிஷ் போடுவார்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுவது அவசியம். மேல்பூச்சு உள்ள பேனலில், பூச்சு தேய்ந்து போனால் திரும்ப வராது.

சில்வர் நிறம், மர டிசைன் உள்ள பேனல்களில் வெறும் மெல்லிய பூச்சோ படலமோதான் இருக்கும். இவற்றைத் தேய்க்கவே கூடாது. வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது அல்லது பேனலை மாற்றுவதுதான் வழி.

எதையெல்லாம் தொடக் கூடாது?

* டூத்பேஸ்ட்: இதுவும் தேய்க்கும் பொருள்தான். சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழிகளில் வெள்ளையாகத் தங்கிவிடும்.
* சானிடைசர், தின்னர்: சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விழும், பூச்சும் உரியும்.
* மேஜிக் ஸ்பாஞ்ச்: மென்மையாகத் தெரிந்தாலும் நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான்.
* சிலிக்கான் பளபளப்பு ஸ்பிரே: ஸ்டீயரிங், பெடல் மீது பட்டால் வழுக்கும்.

ஏர்பேக் மூடி: இங்கே வேண்டாம் விளையாட்டு

இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கும் 2021-ல் கட்டாயமானது. விபத்தின்போது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் ஏர்பேக் விரிந்துவிடும். அதற்காகவே மூடியின் உட்பக்கத்தில், கிழிய வேண்டிய கோடு மெலிதாக வைக்கப்பட்டிருக்கும்.

அந்த இடத்தில் பட்டி பூசினாலோ, லெதர் ஒட்டினாலோ மூடி திறப்பது தாமதமாகலாம். இறுகிய துண்டுகள் முகத்தை நோக்கித் தெறிக்கலாம். ஸ்டீயரிங் நடுப்பகுதி, டேஷ்போர்டின் இடப்பக்கம், 'ஏர்பேக்' என எழுத்துள்ள தூண் பேனல், சீட் ஓரம் ஆகிய இடங்களில் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கணும். உடைசல், வெடிப்பு இருந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

எப்போது மாற்றலாம்?

நகம் சிக்கும் அளவு ஆழமாக, கண்ணில் படும் இடத்தில் இருந்தால் சின்ன பேனலை மாற்றுவதே லாபம். பேனலின் பின்புறம் பெரும்பாலும் பார்ட் நம்பர் இருக்கும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடும்போது அது உதவும். கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பி போதும். இல்லாவிட்டால் கிளிப் உடைந்து, கீறல் போய் 'கடகட' சத்தம் வந்து சேரும்.

எந்த முறையானாலும், வெளியே தெரியாத ஒரு மூலையில் முதலில் செய்து பாருங்க. காரை விற்கும் நாளில், லேசான கீறலை வாங்குபவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். தேய்த்துக் கெடுத்த திட்டைப் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்.