உங்களுக்குத் தெரியுமா? குழிக்குக் குழி மல்லுக்கட்டு!

★ மும்பையில் செம்பூர் கிட்வானி சாலைப் பக்கம் போனால் மதிலுக்கு அப்பால் ஒரு பெரிய புல்வெளி. பம்பாய் பிரசிடென்சி கோல்ஃப் கிளப். வயது கிட்டத்தட்ட நூறு, தொடங்கியது 1927-ல்.

★ கோல்ஃபில் கணக்கு இரண்டு வகை. டிவியில் நாம் அதிகம் பார்ப்பது, நான்கு நாள் அடித்த அடிகளையெல்லாம் கூட்டி, குறைவாக அடித்தவருக்குக் கோப்பை தருவது. 'மேட்ச் பிளே' அப்படியல்ல. ஒருவருக்கு எதிரே ஒருவர். ஒவ்வொரு குழியும் தனிப் போட்டி. ஒரு குழியில் பத்து அடி அடித்துச் சொதப்பினாலும் போவது அந்த ஒரு குழிதான். 18 குழியும் ஆடியே தீர வேண்டும் என்பதும் இல்லை. மூன்று குழி முன்னிலை, மிச்சம் இரண்டுதான் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

★ 2006 உலக மேட்ச் பிளே போட்டி. டிரினிடாட்டில் பிறந்த ஸ்டீபன் ஏம்ஸ், தன்னோடு மோதவிருந்த டைகர் உட்ஸின் பந்து போகிற திசையைக் குறைசொல்லி வாய்விட்டார். உட்ஸ் முதல் ஒன்பது குழிகளையும் வென்றார். பத்தாவதில் ஆட்டமே முடிந்துவிட்டது.

★ அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப் 1916 முதல் 1957 வரை மேட்ச் பிளேதான். பெரிய ஆட்டக்காரர்கள் முதல் சுற்றிலேயே வெளியேறினால் டிவிக்காரர்களுக்கு நஷ்டம். 1958-ல் அடிகளைக் கூட்டும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். பெயரில்லாத ஒருவன் ஜாம்பவானை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புவதுதானே மேட்ச் பிளேயின் அழகு!

★ மேட்ச் பிளேயில் எதிராளியின் பந்து குழிக்கு அருகில் இருந்தால், "அடிக்க வேண்டாம், போட்டதாகவே வைத்துக்கொள்" என்று விட்டுக்கொடுக்கலாம். 1969 ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில் அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ், பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு அப்படி விட்டுக்கொடுத்தார். 16–16. அந்தக் கோப்பையின் வரலாற்றில் முதல் சமன். எந்த வெற்றியைவிடவும் எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

★ பிரசிடென்ட்ஸ் கோப்பையில் ஆடிய முதல் இந்தியர் அனிர்பன் லாஹிரி. 2015-ல் தென்கொரியாவில், கடைசிக் குழியில், சில அடி தூரத்திலிருந்து அவர் தட்டிய பந்து குழிக்குள் விழவில்லை. அவருடைய சர்வதேச அணி ஒரே புள்ளியில் கோப்பையை அமெரிக்காவிடம் இழந்தது. ஆனால் 2017-ல் சனிக்கிழமையே அமெரிக்கா கோப்பையைத் தூக்கிவிடும் என்றிருந்தபோது, கிம் சி வூவோடு சேர்ந்து ஜெயித்து அதை ஞாயிறுவரை தள்ளிப்போட்டவரும் அவரே.

★ மறுபடியும் செம்பூர். மதிலுக்கு வெளியே உள்ள குடிசைப் பகுதிகளில் வளைத்த இரும்புக் கம்பியே மட்டை, பந்து பிளாஸ்டிக், சந்துபொந்துதான் மைதானம். உள்ளே பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் இளைஞர்கள் வெளியே தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஆட்டம் இது. அப்படிப் பை சுமந்து, தொழில்முறை ஆட்டக்காரராகவே உயர்ந்தவர் அனில் பஜ்ரங் மானே.

★ இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர் தொடங்கியது 2006-ல். அதன் போட்டிகள் செம்பூருக்கும் வந்திருக்கின்றன. அதே புல்வெளியில் ஒரு மேட்ச் பிளே போட்டியும் நடக்கட்டும். பை சுமக்கும் இளைஞர்களுக்கு அதில் நான்கு இடமாவது ஒதுக்குங்கள், ஐயா!