என் காசு, என் வயிறு... நடுவுல அரசு எதுக்கு?



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். நாளைக்கு நம்ம கேன்டீன் வாசல்ல, "இனிமேல் பஃப்ஸ், சமோசா, கூல்டிரிங்ஸ் கிடையாது. உங்கள் உடம்புக்கு நல்லதில்லை"ன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டினா என்ன செய்வீங்க? பாதிப் பேர் "என் காசு, என் வயிறு, நீ யாரு கேக்க?"ன்னு கொதிப்பீங்க. மீதிப் பேர் "நல்லதுதான், நம்மால கட்டுப்படுத்த முடியலையே"ன்னு மனசுக்குள்ள நினைப்பீங்க. நான் ரெண்டையும் நினைக்கிற ஆள். ராத்திரி 11 மணிக்கு பர்கர் ஆர்டர் பண்ணி, சாப்பிட்டு முடிச்சதும் "யாராவது தடுத்திருக்கக் கூடாதா"ன்னு புலம்புற ரகம்!

இதே சண்டையை நியூயார்க் நகரம் 2006-ல தொடங்கி 2014 வரைக்கும் போட்டுச்சு. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்துல அந்த நகரத்தின் சுகாதார வாரியம் மூணு விதமா சாப்பாட்டுல கை வெச்சது. மூணுக்கும் மூணு முடிவு. அதைப் பார்த்தாலே நம்ம கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும்.

முதல் சட்டம்: கண்ணுக்குத் தெரியாதது

ஹைட்ரஜனேற்றம்னு கெமிஸ்ட்ரியில படிச்சிருப்பீங்க. திரவமா இருக்குற தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டியாகும். நம்ம வனஸ்பதி அப்படி வந்ததுதான். இதைப் பாதியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு உருவாகும். விலை குறைவு, சீக்கிரம் கெடாது, பலகாரம் மொறுமொறுன்னு இருக்கும். கடைக்காரருக்கு லாபம். ஆனால் அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். உலகம் முழுக்க வருஷத்துக்கு 5 லட்சம் பேருக்கு மேல் இதய நோயால் சாவதற்கு இது காரணம்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

2006 டிசம்பரில் நியூயார்க் வாரியம் உணவகங்களில் இதுக்குக் கடிவாளம் போட்டது. ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்கும் கீழேதான் இருக்கணும். கடைக்காரர்கள் எண்ணெயை மாத்தினாங்க. சாப்பிட்டவங்களுக்கு ருசியில பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா சில வருஷம் கழிச்சு ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்தாங்க. நியூயார்க் மாநிலத்தில் இந்தத் தடை இருந்த கவுண்டிகளில், இல்லாத கவுண்டிகளைவிட மாரடைப்பு, பக்கவாத அனுமதிகள் சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் குறைஞ்சிருந்தது.

ரெண்டாவது சட்டம்: கண்ணுக்குத் தெரிஞ்சது

2008-ல் பெரிய சங்கிலி உணவகங்கள் மெனுவிலேயே கலோரி எழுதணும்னு விதி வந்தது. யாரையும் தடுக்கல, தகவல் மட்டும்தான். கேக்கவே நியாயமா இருக்குல்ல? ஆனா ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளில் ஆய்வாளர்கள் பில்லை வாங்கிக் கணக்குப் பார்த்தப்போ, கலோரி எண்ணைப் பார்த்தவங்கள்ல கால்வாசிப் பேருக்கு மேல "அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்"னு சொன்னாங்க. பில்லுல மட்டும் கலோரி குறையவே இல்லை! பசியோட வரிசையில நிக்கிறப்போ நம்ம மூளை எப்படிக் கணக்குப் போடும்னு நமக்குத் தெரியாதா என்ன?

மூணாவது சட்டம்: டம்ளர் அளவு

2012-ல் உணவகங்கள், தியேட்டர்களில் 16 அவுன்ஸுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டருக்கு மேல், சர்க்கரை பானம் விற்கக் கூடாதுன்னாங்க. 16 அவுன்ஸ் கோலாவிலேயே சுமார் 50 கிராம் சர்க்கரை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் உச்ச வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். காரணம் சரி. ஆனா சட்டத்துல ஏகப்பட்ட ஓட்டை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் பொருந்தாது. பால் அதிகம் கலந்த பானத்துக்கு விலக்கு. ரெண்டு டம்ளர் வாங்கினா யாரும் கேக்க முடியாது.

மேயருக்கு ஆயா வேஷம் போட்ட படத்தோட பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. "சுதந்திரம்" பேசிய அந்த அமைப்பு உணவுத் தொழில் காசில் நடந்ததுங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்கோங்க. சட்டம் அமலாகும் முந்தின நாள், 2013 மார்ச் 11, நீதிபதி அதை ரத்து செய்தார். 2014-ல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றமும் 4-2 என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. கவனிங்க: "கோலா குடிப்பது அடிப்படை உரிமை"ன்னு அந்த மன்றம் சொல்லல. இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம், நியமன வாரியம் எல்லை தாண்டிடுச்சுன்னுதான் சொன்னது.

அப்போ எது சரி?

எனக்குப் படுறது இதுதான். பொறுப்புன்னு ஒண்ணு வரணும்னா முதல்ல விஷயம் தெரிஞ்சிருக்கணும். பஜ்ஜியில என்ன எண்ணெய் இருக்குன்னு தெரியாதவன்கிட்ட "நீ பொறுப்பா சாப்பிடு"ன்னு சொல்றது கேலி. அங்கே சட்டம் வந்தே ஆகணும். கண்ணு முன்னாடி இருக்குற டம்ளரை எடுக்கிறதும் வைக்கிறதும் வளர்ந்த மனுஷன் வேலை. அதுலயும் கைபிடிச்சு நிறுத்தினா சட்டத்து மேலதான் எரிச்சல் வரும்.

நடுவுல இன்னொரு வழியும் இருக்கு: சாப்பிடுறவனை விட்டுட்டு, தயாரிக்கிறவனை நெருக்குறது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வந்த வரி, 100 மி.லி.க்கு 5 கிராம், 8 கிராம் என்று சர்க்கரையை அளந்து போடப்பட்டது. வரிக்குப் பயந்து பல நிறுவனங்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைச்சாங்க. ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான அயர்ன் புரூ 10.3 கிராமிலிருந்து 4.7-க்கு இறங்கியது. ரசிகர்கள் கோபத்துல பழைய பாட்டிலை வாங்கிப் பதுக்கினாங்க, அது வேற கதை! நம்ம பக்கத்துல கேரளா 2016-ல் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சா மாதிரி அயிட்டங்களுக்கு 14.5 சதவீத வரி போட்டது. பரோட்டா தப்பிச்சிடுச்சு. அடுத்த வருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரியும் போச்சு. உள்ளே என்ன இருக்குன்னு அளக்காம, போர்டைப் பார்த்துப் போட்ட வரி.

நம்ம கேன்டீனுக்கு வருவோம்

இந்தியாவிலும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான உணவு விற்கக் கூடாதுன்னும் விதி இருக்கு. அது குழந்தைகளுக்கு. நாம 18 தாண்டியாச்சு. நமக்கு வேலி போட ஆள் இல்லை, போடவும் வேண்டாம்.

அதனால அந்த நோட்டீஸ் ஒட்டினா நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். ஆனா அதோட நிக்க மாட்டேன். "அண்ணா, இந்த எண்ணெய் எப்போ மாத்தினீங்க?"ன்னும் கேப்பேன். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதில் சமைக்கக் கூடாதுன்னு 2018-லிருந்தே விதி. அதை அளக்கக் கையடக்க மீட்டர்கூட இருக்கு. இன்ஜினியரிங் காலேஜ்ல இதுகூட அளக்க முடியாதா?

சமோசா சாப்பிடலாமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. அது எதுல பொரிஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிறது உங்க உரிமை. நாளைக்கு இடைவேளையில ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!