இரத்தக் கொதிப்பு மிகுந்த கர்ப்பிணிக்கு அறுவை மகப்பேறு

கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருப்பதால் குழந்தையை விரைவில் வெளியே எடுக்க வேண்டும் என்று கூறினால், உறவினர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "மாத்திரை கொடுத்துக் குறைத்துவிட்டு, மாதம் நிறையும் வரை பொறுக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. மருந்து அழுத்தத்தைக் குறைக்கும். தாயின் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படாமல் காக்கும். ஆனால் நோயின் வேர் நஞ்சுக்கொடியில் உள்ளது. அதிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இரத்தக் குழாய்களைப் பழுதாக்கி, சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றைத் தாக்குகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகே நோய் தணியத் தொடங்கும்.

அழுத்தம் 160/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் தீவிரமானது. அந்நிலையில் 34 வாரம் நிறைந்துவிட்டால் காத்திருப்பதில் நன்மையில்லை. அதற்கு முன்பாயின், இருவர் நிலையும் சீராக இருந்தால் மட்டும், குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிப்போம். நல்ல நேரம் பார்க்க அவகாசம் கேட்போரும் உண்டு. இந்நோய் அதற்கு இடம் தருவதில்லை.

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. கருப்பை வாய் பக்குவப்பட்டு, குழந்தையின் இதயத்துடிப்பும் நன்றாக இருந்தால், வலி வரச் செய்து இயல்பான பேற்றுக்கு முயல்வோம். குழந்தை தளர்ந்தாலோ, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலோ, தாயின் நிலை வேகமாக மோசமானாலோ அறுவையே வழி.

வலிப்பு வந்துவிட்டால் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டு செல்வதில்லை. முதலில் மக்னீசியம் சல்பேட் ஊசியால் வலிப்பை அடக்கி, மூச்சையும் அழுத்தத்தையும் சீராக்க வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு இது தாமதமாகத் தோன்றும்; தாயைக் காப்பது இந்த நேரமே. இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் முதுகில் ஊசி போட இயலாது. முழு மயக்கம் தர நேரிடும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது இதற்காகத்தான்.

குழந்தை பிறந்தவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மக்னீசியம் பொதுவாக மேலும் 24 மணி நேரம் தொடரும். மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும். தாய்வீட்டுக்குச் சென்ற பிறகு கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் தோன்றினால், தூக்கமின்மை என்றோ முதுகு ஊசியின் விளைவு என்றோ எண்ணி வீட்டில் இருந்துவிடாதீர்கள். இரவானாலும் அழைத்து வாருங்கள். தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை கருவுற்றால், 12 வாரத்திற்குள் மருத்துவரிடம் வந்து இந்த நோய் இருந்ததைச் சொல்லுங்கள். அப்போது தொடங்கும் சிறிய அளவு ஆஸ்பிரின், நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.