கண்ணாடிக்குள் கடல் – 9: லிட்டர் கணக்கும் மீனின் கணக்கும்

மீன் தொட்டியின் அளவு குறித்து வளர்ப்போரிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் வாய்பாடு, ஒரு கேலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்பதாகும். கேலன் என்பது இங்கே ஏறத்தாழ 3.8 லிட்டர் கொள்ளும் அமெரிக்க அளவு. விரல் நீளத்தைத் தாண்டாத நன்னீர் மீன்களுக்கு ஓரளவு ஒத்துவரும் இந்த வாய்பாட்டைக் கடல்மீன்களுக்குப் பொருத்தினால் அதன் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். 2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தின் டோரி பாத்திரத்தால் உலகெங்கும் அறிமுகமான ப்ளூ டாங் மீன், 30 செ.மீ., அதாவது ஏறக்குறைய 12 அங்குலம் வரை வளரக்கூடியது. எனவே வாய்பாட்டின்படி அதற்கு 12 கேலன், சுமார் 45 லிட்டர் நீர் போதும். கடைகளில் இரண்டடித் தொட்டி எனப்படுவது 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டு 54 லிட்டர் பிடிக்கும் என்பதால், அது தாராளம் என்றே வாய்பாடு சொல்லும். மீனின் நீளமும் தொட்டியின் அகலமும் ஒன்றாகிவிட்ட அந்த இடத்தில் மீன் எப்படித் திரும்பும் என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை.

நீளத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டதே பிழையின் வேர். உடல்வாகு மாறாமல் ஒரு மீன் நீளத்தில் ஐந்து மடங்கு வளரும்போது உயரமும் பருமனும் உடன் வளர்வதால், அதன் எடை 125 மடங்காகிறது. 6 செ.மீ. குஞ்சாக வாங்கப்பட்ட ப்ளூ டாங் முழு வளர்ச்சியை எட்டும்போது, அது தின்னும் உணவும் விடும் கழிவும் எடை கூடிய அளவுக்கே கூடாவிட்டாலும், பல பத்து மடங்காகின்றன. இந்தச் சுமையைத் தாங்குவதில் கடல்நீர் நன்னீரைவிடப் பலவீனமானது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும்போது, கடல்நீரில் 6.7 மில்லிகிராம் அளவே கரைகிறது. மீனின் கழிவில் பிறக்கும் அம்மோனியாவும் இங்கே கூடுதலாகக் கடுமை காட்டுகிறது. கடல்நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். 8.2-ஐ ஒட்டியிருப்பதால், நச்சு வடிவில் நிற்கும் அம்மோனியாவின் பங்கு, பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாகிறது.

நீர் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் கழிவின் செறிவு குறையும் என்ற பொதுக்கருத்து சரியானதே. ஆயினும் உப்பின் நிலைமை சற்று வேறு. தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடுவதால், 60 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானால், லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருந்த உப்பு 37 கிராமை நெருங்கிவிடுகிறது. பரந்த மேற்பரப்புடைய பெரிய தொட்டியில் ஆவியாகும் நீரும் மிகுதி என்பதால், உப்பின் சமநிலையைக் காப்பதில் மொத்த லிட்டரைவிட நீரின் ஆழத்துக்கே பங்கு அதிகம் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

இவை அனைத்தும் நீரைப் பற்றிய கணக்குகள். மீனின் கணக்கு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. கோமாளி மீன், கடல் சாமந்தி எனப்படும் உயிரியின் கொடுக்குள்ள உணர்கொம்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிப்பது. அதைவிட்டுச் சில அடி தொலைவுகூட அரிதாகவே செல்லும் இம்மீனில் ஓர் இணைக்கு 80 முதல் 100 லிட்டர் கொண்ட தொட்டி போதுமானது. மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்துக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க முடிந்ததற்கு, முட்டைகளைப் பாறையில் ஒட்டிவைத்து ஆண் மீன் காவல் காக்கும் இந்த ஓரிட வாழ்வும் ஒரு காரணம். ப்ளூ டாங் இதற்கு நேர்மாறானது. குஞ்சுப் பருவத்தில் பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து வாழ்ந்தாலும், வளர்ந்த பின் பாறைக்கு மேலே ஓடும் நீரோட்டத்தில் கூட்டமாக நீந்தி மிதவை உயிரிகளைத் தின்கிறது. முட்டைகளையும் திறந்த நீரிலேயே விடுகிறது. இதைத் தொட்டியில் பிறப்பித்து வளர்க்கும் முயற்சி ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2016-இல்தான் கைகூடியது. பவளக் கிளைக்குள் ஒண்டும் குஞ்சைக் கடையில் பார்த்து, இம்மீனுக்குச் சிறிய இடமே பிடிக்கும் என்று வாங்குபவர் முடிவுகட்டுவது இயல்பே. ஆனால் வளர்ந்த மீனுக்கு வேண்டியது ஆறடி நீளமுள்ள, 180 செ.மீ., 60 செ.மீ., 60 செ.மீ. அளவிலான தொட்டி. அதே லிட்டரை உயரமான, நீளம் குறைந்த தொட்டியில் நிரப்பினால் பயனில்லை.

மூன்றாவது வகைக் கணக்கு இன்னும் வியப்பானது. மாண்டரின் எனப்படும் வண்ண மீன் 8 செ.மீ. அளவைத் தாண்டுவது அரிது, நீந்துவதும் குறைவு. எனினும் அது பகல் முழுதும் பாறையிடுக்குகளில் வாழும் கோபிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கொத்திக்கொண்டே இருப்பதால், அவை பெருகிப் பெருகி வரும் அளவுக்குப் பாறையும், பல மாதங்கள் ஓடிப் பக்குவப்பட்ட நீரும் தேவை. 200 லிட்டருக்குக் குறைந்த புதிய தொட்டியில் விடப்படும் மாண்டரின், கண்ணெதிரே உணவிருந்தும் அதைத் தொடாமல் மெலிந்து மடிவதே பெரும்பாலும் நிகழ்கிறது. உருவத்தில் சிறிய மீனுக்குச் சிறிய தொட்டி என்ற எண்ணம் இங்கே முற்றிலும் தவறுகிறது.

தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும் என்று விற்பவர்கள் சிலர் கூறும் சமாதானம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இடநெருக்கடியில் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மையே; ஆனால் அது கெட்ட நீரும் ஓயாத அழுத்தமும் விளைவிக்கும் நலக்கேடேயன்றி மீன் செய்துகொள்ளும் சமரசமன்று. கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி உண்டாக்கும் வெண்புள்ளி நோய்க்கு டாங் வகை மீன்கள் எளிதில் இலக்காவதால், நெருக்கடியில் வாழும் ப்ளூ டாங் நோயுறுவதும் விரைவாகிறது.

ஆறடித் தொட்டி என்று முடிவானால், அடுத்து எழுவது வீட்டுத் தளம் பற்றிய கேள்வி. நீர், மணல், பாறை, கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னைத் தாண்டும் எடை, ஒரு சதுர மீட்டரை ஒட்டிய பரப்பில் இறங்குகிறது. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியக் கட்டுமானத் தரநிலை கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. அத்தொகை அறை முழுவதற்குமான கணக்கு என்பதால் தளம் உடனே விழுந்துவிடாது என்றாலும், மாடிக் குடியிருப்பில் உத்திரத்தையோ சுமைச் சுவரையோ ஒட்டி வைப்பதும், முன்னதாகக் கட்டடப் பொறியாளரைக் கேட்பதும் தவிர்க்கக் கூடாதவை. அதற்கு வழியில்லாத இடத்தில் மீனுக்குத் தொட்டி தேடுவதைவிடத் தொட்டிக்கு மீன் தேடுவதே முறை. 240 லிட்டர் கொள்ளும் நாலடித் தொட்டியில் ஒரு கோமாளி இணையும், கரீபியக் கடலின் ராயல் கிராமா ஒன்றும், ஃபயர்ஃபிஷ் ஒன்றும் முழு வளர்ச்சியிலும் இடர்ப்படாமல் வாழும்; ஃபயர்ஃபிஷ் மிரண்டால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் மீனாதலால், மேலே நெருக்கமான வலைமூடி போட்டபின்பே அதை நீரில் விட வேண்டும்.

(தொடரும்)