ஒரே புராஜெக்ட்... இரண்டு ஃபோல்டர்! பௌர்ணமி இரவில் அக்கா கற்றுக்கொடுத்த 'கிட்' பாடம்

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்குத் தூக்கம் கிடையாது. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டுகள் முளைத்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். சென்ற பௌர்ணமிக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா, அக்கா, நான் மூவரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் நின்ற நேரத்தில், அக்காவின் போன் அடித்தது. மணி இரவு 9.

அக்கா வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். வாடிக்கையாளர்கள் பணம் கட்டிவிடுகிறார்களாம், ஆனால் ரசீது வரவில்லையாம். உடனே சரிசெய்ய வேண்டும்.

"போச்சுடி... அன்னிக்கு மாதிரி ராத்திரி முழுக்க உக்காந்து அழப்போறியா?" என்றார் அம்மா. 'அன்னிக்கு' என்றது இரண்டு வருடங்களுக்கு முந்தைய கதை. இதேபோல ஓர் அவசர அழைப்பு. பாதியில் இருந்த புது வேலையை ஒதுக்கிவைக்கும் பதற்றத்தில் தப்பான கட்டளையைத் தட்ட, அக்காவின் மூன்று நாள் உழைப்பு காணாமல் போனது.

"இல்லம்மா, இப்ப அந்தப் பயம் இல்ல. டேய், ஒரு மணி நேரம் இரு, வந்துடுறேன்" என்று உள்ளே போனவர், சொன்னதுபோலவே 10 மணிக்கு வெளியே வந்தார். முகத்தில் பதற்றமே இல்லை. நடக்கும்போது விஷயத்தைக் கேட்டேன்.

கிளை என்றால் என்ன?

காலேஜ் புராஜெக்ட்டை 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமாவே ஃபைனல்' என்று சேமித்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கும். அந்தக் குழப்பத்துக்கு முறையான தீர்வுதான் 'கிட்' என்ற மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழு அதுவரை பயன்படுத்திவந்த 'பிட்கீப்பர்' மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் வசதி நிறுத்தப்பட்டதுதான் காரணம்.

கிட்டில் நாம் 'கமிட்' செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வரலாறாகப் பதிவாகும். ஒரு புது வசதியைச் செய்துபார்க்க வேண்டுமா? மூலத்தைத் தொடாமல் ஒரு 'பிராஞ்ச்', அதாவது கிளை பிரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் மூலத்தோடு இணைக்கலாம். அதற்குப் பெயர் 'மெர்ஜ்'.

சிக்கல் எங்கே வருகிறது? கிளைகள் எத்தனை இருந்தாலும் வேலை செய்யும் ஃபோல்டர் வழக்கமாக ஒன்றுதான். வேறு கிளைக்கு மாற வேண்டுமென்றால், இப்போது கையில் இருக்கும் அரைகுறை வேலையை முதலில் எங்காவது ஒதுக்க வேண்டும். ஒரே அடுப்பில் பாதி வெந்த சாதத்தை இறக்கிவைத்துவிட்டு அவசரமாக டீ போடுவதுபோலத்தான். அந்த அவசரத்தில்தான் கை தவறுகிறது.

இரண்டாவது அடுப்பு

"அதனால இன்னொரு அடுப்பு பத்தவச்சுட்டேன்" என்று சிரித்தார் அக்கா.

அந்த அடுப்பின் பெயர் 'வொர்க்ட்ரீ'. 2015 ஜூலையில் வந்த கிட் 2.5 பதிப்பில் இந்த வசதி அறிமுகமானது. 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' என்ற கட்டளையோடு புது ஃபோல்டரின் பெயரையும் கிளையின் பெயரையும் கொடுத்தால் போதும், அந்தக் கிளை தனி ஃபோல்டராகத் திறக்கும். பழைய ஃபோல்டரில் பாதியில் நிற்கும் வேலை அப்படியே இருக்கும். இரண்டு ஃபோல்டர்களுக்கும் வரலாறு ஒன்றே என்பதால், முழு புராஜெக்ட்டையும் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை.

இப்போது ஒரே நேரத்தில் பல ஏ.ஐ உதவியாளர்களை கோடு எழுதவிடுபவர்களும், ஒன்றின் வேலையை இன்னொன்று கலைக்காமலிருக்க, ஆளுக்கொரு வொர்க்ட்ரீ கொடுக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய நான்கு

* ஒரே கிளையை இரண்டு ஃபோல்டர்களில் திறக்க கிட் சாதாரணமாக அனுமதிக்காது. இது நம் பாதுகாப்புக்குத்தான். மாற்று வழி தேடாமல் புதுக் கிளை பிரியுங்கள்.

* பாஸ்வேர்டு உள்ள செட்டிங்ஸ் ஃபைல்கள் போன்று கிட்டில் சேர்க்காதவை புது ஃபோல்டருக்குத் தானாக வராது. நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். தேவையான லைப்ரரிகளையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

* வேலை முடிந்ததும் ஃபோல்டரைக் கையால் டெலீட் செய்யாதீர்கள். 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்' பயன்படுத்துங்கள். கமிட் செய்யாத வேலை உள்ளே இருந்தால், அது நீக்க மறுத்து எச்சரிக்கும்.

* இது பேக்கப் அல்ல. லேப்டாப் பழுதானால் எல்லா ஃபோல்டரும் சேர்ந்தே போகும். தினமும் வேலையை கமிட் செய்து, சர்வருக்கு 'புஷ்' செய்துவிடுங்கள்.

இணைப்பது மனிதர் வேலை

மறுநாள் காலை, ரசீது திருத்தத்தைத் தன்னுடைய புதுக் கிளையோடு அக்கா இணைத்தார். கிட் நின்றுவிட்டது. ஒரே வரியை இரண்டு கிளைகளிலும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்ததுதான் காரணம். 'கான்ஃப்ளிக்ட்' என்பார்கள். எது சரி என்று கிட் தானாக முடிவெடுக்காது. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டு நமக்காகக் காத்திருக்கும்.

எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க, ஒன்றோடொன்று வேறுபட்ட பல ஏட்டுச்சுவடிகளை வரிவரியாக ஒப்பிட்டவர் அவர். வேறுபாட்டைக் கண்டால் அவசரப்படாமல், பொருள் புரிந்து, எது சரி என்று தீர்மானிப்பது அன்று அவருடைய வேலை. கருவிகள் மாறினாலும் அந்த வேலை இன்றும் மனிதரிடம்தான் இருக்கிறது.

அக்கா உடன் வேலை செய்பவருக்கு போன் போட்டு, ஐந்து நிமிடம் பேசி, சரியான வரியை வைத்தார். பிறகு, முந்தைய நாள் 9 மணிக்கு விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

"ரெண்டு வேலையும் ஒண்ணா பண்ற திறமைலாம் எனக்கு இல்லடா. ரெண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்தேன், அவ்ளோதான்" என்றார்.

காபியோடு வந்த அம்மா, "எப்படியோ, அடுத்த பௌர்ணமிக்கு அழாம கிளம்பினா சரி" என்றார்!